கயிறு பிடித்த கை

ஆத்மநாதன் அன்று காலையில் சந்தோஷமாகத்தான் எழுந்தான். பின்னால் அவன் மேல் இரக்கப்படப் போகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

சந்தோஷத்துக்குக் காரணம், இந்த வாரத் தொடக்கத்தில் அவன் செய்த காரியம். அக்கா செவந்தியின் மாமனார் சிவசாமி, தன்னுடைய மாடு இரண்டும் களவு போய்விட்டன என்று வேலங்குடிக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார். கிணற்றில் கமலை இழுத்துத் தண்ணீர் இறைக்கிற மாடுகள். பங்குனி வெயிலில் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்தில் போய்விட்டன. அவர் தேடி வந்தது சம்பந்தி ஆவுடையப்பனை, அதாவது ஆத்மநாதனின் அப்பாவை. ஆவுடையப்பன் முழுக் கதையையும் கேட்டார். "இருங்க சம்பந்தி, பார்க்கிறேன்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாடு களவு போனால் அங்கே யாரும் போலீசுக்குப் போவதில்லை. களவாணிக்கும் மாட்டுக்காரருக்கும் பொதுவான ஒரு மனிதரிடம் வெற்றிலை பாக்கோடு போய் நிற்பார்கள். அவர் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து, "இன்னாருடைய பனந்தோப்பில் போய்ப் பாருங்க" என்பார். போய்ப் பார்த்தால் மாடு கட்டியிருக்கும். அதற்குக் கொடுக்கிற தொகைக்குத் துப்புக்கூலி என்று பெயர். நடுவில் நிற்கிற மனிதர் கயிற்றைத் தொடமாட்டார். மாட்டைக் கண்ணால் பார்த்ததாகக்கூட ஒப்புக்கொள்ளமாட்டார். அந்தத் தொழிலில் ஓர் ஒழுங்கு உண்டென்றால் அதுதான்.

சுற்றுவட்டாரத்துக்கு அப்படிப்பட்ட மனிதர் ஆவுடையப்பன். கோயில் திருவிழாவில் அவர் வந்தால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து இடம் விடுவார்கள். சின்ன வயதில் அந்த இடத்தில் அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ள ஆத்மநாதனுக்கு ரொம்பப் பிடிக்கும். கூலி கைமாறும்போது அப்பாவின் கை வழியாகப் போகிறது என்பது அவனுக்குத் தெரியும். அந்தக் கையில் எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்று அவன் கேட்டதில்லை.

கேட்க வைத்தது மெட்ராஸ். அங்கே அவன் பி.ஏ. சமூகவியல் படிக்கிறான். இது கடைசி வருஷம். அதில் குற்றவியல் ஒரு பாடம். குற்றம் ஏன் நடக்கிறது, தண்டனை எதற்கு, போலீசுக்கும் கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்றெல்லாம் அதில் வரும். அவனுக்குப் பிடித்த பாடமும் அதுதான். விரிவுரையாளர் ஒரு நாள், "உங்கள் ஊர்ப் பக்கம் களவு போனால் என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். ஆத்மநாதன் எழுந்து நின்றான். துப்புக்கூலியைப் பற்றி விலாவாரியாகச் சொன்னான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "மாட்டை மீட்டுக் குடுக்கிறது எங்கப்பா, சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

விரிவுரையாளர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பிரித்து, களவு போன பொருளை மீட்டுத் தருவதாகச் சொல்லிக் கூலி வாங்குவது குற்றம் என்கிற பிரிவை நிதானமாக வாசித்தார். "நல்ல உதாரணம், நன்றி" என்றார். வகுப்பு முழுவதும் அவன் பக்கம் திரும்பியது. அன்றைக்கு மத்தியானமே ஹாஸ்டலில் அவனுக்குத் 'துப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "துப்பு, சாம்பார் வாளியைக் காணோம், கொஞ்சம் மீட்டுக் குடு" என்று மெஸ்ஸில் ஒருவன் சொல்ல, பரிமாறுகிறவர்கூடச் சிரித்தார்.

அன்று முதல் அவனுக்கு அப்பாவை நினைத்தாலே முகம் சுருங்கியது. கடிதத்தில் அப்பாவின் பெயரை எழுதும்போதுகூட யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தான். படிப்பு லீவுக்கு ஊருக்கு வந்தவன், அப்பா துண்டை உதறிக்கொண்டு கிளம்பிய கையோடு சிவசாமியைத் தனியே அழைத்தான். "மாமா, கூலி குடுத்து மாட்டை வாங்குறது சட்டப்படி தப்பு. நான் படிக்கிறேன், எனக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு வாங்க" என்றான். சிவசாமி தயங்கினார். சம்பந்தி கோபித்துக்கொள்வார் என்றார். படித்த பிள்ளை பேசப் பேச அவருக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் போய்ப் புகார் கொடுத்தார்கள். அதைத்தான் ஆத்மநாதன் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான்.

அந்தச் சந்தோஷம் கிணற்றடியில் பல் விளக்குகிற வரைக்கும்தான் இருந்தது.

செவந்தியின் புருஷன் நாகராசு சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மாப்ளே, மாமாவைப் போலீஸ்ல பிடிச்சு வச்சிருக்காக."

அடுப்படியிலிருந்து ஆத்மநாதனின் ஆத்தா செங்கமலம் கரண்டியோடு வெளியே வந்தாள். "யாரை?"

"மாமாவைத்தான் அத்தே. மாட்டோட பிடிச்சிருக்காக. மீமிசல் ரோட்டுல கான்ஸ்டபிள் நின்னிருக்காரு. ரெண்டு மாட்டையும் கையில பிடிச்சுக்கிட்டு மாமா நடந்து வந்தாகளாம்."

"கையிலயா?" என்றான் ஆத்மநாதன். வாயில் இருந்த நுரையைத் துப்பக்கூட மறந்துவிட்டான். "கயித்தை அப்பா தொட்டாகளா?"

"அதான் சொல்றேனே."

செங்கமலம் அப்படியே கிணற்றுத் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். "நம்ம பக்கம் போலீசுக்கு யாருப்பா போனது? எவன் வேலை இது?"

நாகராசு வேலியில் சாய்த்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எவன் போயிச் சொன்னானோ அவன் நாக்கு அழுகட்டும். அவன் வீடு வெளங்காமப் போகட்டும்" என்றாள் செங்கமலம்.

அவள் யாரையும் சபித்து ஆத்மநாதன் கேட்டதில்லை. தெருவில் ஆடு புகுந்து கீரையை மேய்ந்தால்கூட, "வாயில்லாச் சீவன்" என்று சொல்லி விரட்டுகிறவள். 'ஆத்தா, அது நான்தான்' என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் கொப்பளித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டானே தவிர, சொல்லவில்லை.

அவள் உள்ளே போய் வெளுத்த வேட்டி ஒன்றை மடித்துக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். "பொழுதெல்லாம் நடந்திருப்பாரு. அழுக்கு வேட்டியோட நாலு பேரு முன்னாடி உக்காந்திருக்க வேணாம். மாத்திக்கச் சொல்லு. நீ படிச்சவன், எதாச்சும் பேசிக் கூட்டிட்டு வந்துரு."

நாகராசு சைக்கிளை மிதித்தான். ஆத்மநாதன் பின்னால் கேரியரில், வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஏன் மாப்ளே," என்றான் நாகராசு திரும்பாமலே. "எடுத்தவன் பேரை மாமா சொல்லலேன்னா என்ன செய்வாக?"

"கேஸ் போடுவாங்க, மச்சான்."

"சொல்லிட்டா?"

"சொல்லிட்டா எடுத்தவன் மேல கேஸ். அப்பாவை விட்டுருவாங்க."

"எடுத்தவனுக்கு எத்தனை வருஷம் போடுவாக?"

"மூணு வருஷம் வரைக்கும் போடலாம்" என்று ஆத்மநாதன் பரீட்சைக்குப் படித்ததை அப்படியே சொன்னான். நாகராசு பெடலை அழுத்தி மிதித்தான்.

வழியில் யாரோ ஒருவருடைய கிணற்றில் ஆயில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் வாய்க்கால் கொள்ளாமல் கொட்டியது. அந்த அவசரத்திலும் நாகராசு சைக்கிளின் வேகத்தைக் குறைத்து அதைப் பார்த்தான். இரண்டு வருஷமாக அவனுக்கு எஞ்சின் பைத்தியம். தகப்பனார் சிவசாமியோ, "மாடு ரெண்டும் மலையாட்டம் நிக்கையில எஞ்சின் எதுக்குடா" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். இது சம்பந்தி வீடு வரைக்கும் தெரிந்த சண்டை. அப்பா போலீஸில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் இவருக்கு எஞ்சின் கேட்கிறதே என்று ஆத்மநாதனுக்கு எரிச்சலாக வந்தது.

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரம். அதில் மயிலை மாடும் செவலை மாடும் கட்டியிருந்தன. சிவசாமி அவற்றுக்கு நடுவில் நின்று ஒவ்வொன்றின் முதுகையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகராசு பக்கத்தில் வந்ததும் செவலை கழுத்தை நீட்டி அவன் கையை நக்கியது. அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"மாமா," என்றான் ஆத்மநாதன்.

சிவசாமி அவனைப் பார்க்கவில்லை. மாட்டின் திமிலைப் பார்த்தபடியே பேசினார். "மாடு கெடைச்சிருச்சு தம்பி. நீ சொன்ன மாதிரியே கூலி ஒண்ணும் குடுக்கலே. ஆனா சம்பந்தி கையிலயா எம் மாடு இருந்திருக்கணும்? ஊருல நான் என்னன்னு சொல்லுவேன்?"

ஆத்மநாதன் உள்ளே போனான்.

சப் இன்ஸ்பெக்டர் நடுத்தர வயது. முகத்தில் கடுமை இல்லாத மனிதர். மேஜைக்கு எதிரே பெஞ்சு காலியாக இருந்தது. ஆவுடையப்பன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். காலெல்லாம் செம்மண். மகனைப் பார்த்ததும் வேட்டி நுனியை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டார்.

"பெஞ்சுல உட்காரச் சொன்னேன் தம்பி, மாட்டேங்கறார்" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "வாங்க, நீங்கதானே அன்னைக்குச் சம்பந்தியைக் கூட்டிட்டு வந்து புகார் குடுக்க வச்சது? அப்ப இவர் உங்க அப்பான்னு எனக்குத் தெரியாது. காலையிலேதான் இவர்கிட்டேயும் சொன்னேன், உங்க பிள்ளை இல்லேன்னா நாங்க ரோட்டுல ஆள் போட்டிருக்கவே மாட்டோம்னு."

ஆத்மநாதன் அப்பாவைப் பார்க்காமல் இருக்க, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான்.

"மெட்ராஸ்ல இதைத்தான் படிக்கிறீங்களாமே?"

"ஆமா, சார். குற்றவியல்."

"எங்க காலத்துல அப்படி ஒரு படிப்பு இருந்ததே தெரியாது." அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். அந்த ஊரில் சட்டம் பேச ஆள் கிடைப்பது அபூர்வம். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "சரி, சொல்லுங்க பார்ப்போம். களவு போன மாடு ஒருத்தர் கையில கிடைக்குது. அவரைப் பத்தி விசாரிச்சா, மாட்டை மீட்டுத் தரக் கூலி பேசி விடற ஆள்னு ஊரே சொல்லுது. என்ன பிரிவு?"

அது ஒரு கேள்வி. கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தான் ஆத்மநாதனுக்குப் பழக்கம். வகுப்பில் முதல் வரிசைக்காரன் அவன்.

"நானூற்றுப் பதினொன்று, சார். கூலி வாங்கினதுக்கு இருநூற்றுப் பதினைந்து."

சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

"சபாஷ்" என்றார் சப் இன்ஸ்பெக்டர். எழுதினார்.

ஆவுடையப்பன் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். "தம்பி, அந்த இருநூத்திப் பதினஞ்சுங்கிறது எனக்கு உள்ளதா?"

கோபம் இல்லை, குத்தல் இல்லை. ஏதோ பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்கிற குரல். ஆத்மநாதனுக்குக் காதிலிருந்து கழுத்து வரைக்கும் எரிந்தது. மெஸ்ஸில் எல்லோரும் சிரித்தபோது இப்படி எரியவில்லை. அன்றைக்கு அவன் வெட்கப்பட்டது அப்பாவைப் பற்றி. இன்றைக்கு வெட்கப்பட அப்பாவைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

"கூலி வாங்கினதுண்டாங்க?" என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"வாங்கலேன்னு சொல்லமாட்டேங்க. இந்த மாட்டுக்கு வாங்கலே."

"யாருகிட்டேருந்து பிடிச்சுட்டு வந்தீங்க?"

ஆவுடையப்பன் மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"காலையிலேருந்து இதேதான்" என்று சப் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "தம்பி, நான் போய்ச் சம்பந்தியைக் கூப்பிட்டு மாட்டோட அடையாளமெல்லாம் பார்த்துட்டு வர்றேன். நீங்க பேசிப் பாருங்க. பேரைச் சொல்லிட்டா இவரைச் சாட்சியா வச்சுக்கறேன். வயசானவர். எனக்கும் மனசில்லை."

அவர் வெளியே போனதும் ஆத்மநாதன் அப்பாவின் எதிரே தரையில் உட்கார்ந்தான். வேட்டியை நீட்டினான்.

"ஆத்தா குடுத்துவிட்டுச்சு. மாத்திக்கச் சொல்லுச்சு."

ஆவுடையப்பன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அவகிட்ட போலீசுக்குப் போனது நீதான்னு சொல்லிட்டியா?"

"இல்லே."

"சொல்லாதே. மனசு கஷ்டப்படுவா."

ஆத்மநாதன் இன்னும் கிட்டே நகர்ந்தான். "அப்பா, பேரைச் சொல்லிருங்கப்பா. களவாணியைப் பிடிச்சுக் குடுக்கத் தன்னால ஆனதைச் செஞ்சவங்க மேல அந்தப் பிரிவு பாயாது. அந்தப் பிரிவுக்குள்ளேயே அப்படித்தான் எழுதியிருக்கு."

"ஒங்க வாத்தியாரு சொன்னாரா?"

"ஆமா."

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காரு."

"எத்தனை பேருக்கு மீட்டுக் குடுத்திருக்கீங்க. ஒரு தடவைகூடக் கயித்தைத் தொட்டதில்லே. இந்தத் தடவை மட்டும் ஏம்ப்பா தொட்டீங்க?"

ஆவுடையப்பன் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே வேப்பமர நிழலில் நாகராசு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனுக்குக் கேட்காது என்று தெரிந்த பிறகும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"களவாணிக தோப்புக்குப் போனேன். எஞ் சம்பந்தி வீட்டு மாட்டுலயாடா கையை வச்சீங்கன்னு கேட்டேன். சிரிச்சானுக. 'நாங்க ஓட்டியாரலே. ஒங்க மாப்பிள்ளைதான் பிடிச்சாந்து கட்டினாரு. தஞ்சாவூர்ப் பக்கம் தள்ளி விட்டுருங்க, மாடு போயிட்டா எங்கப்பன் எஞ்சின் வாங்கித்தானே ஆகணும்னு சொல்லிட்டுப் போனாரு' அப்படின்னானுக."

ஆத்மநாதன் வாசலைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். "நாகராசு மச்சானா?"

"எனக்கு வேற எத்தனை மாப்பிள்ளை இருக்கு?"

"வழக்கம்போல சிவசாமி மாமாவைத் தோப்புக்கு அனுப்பியிருக்கலாமே."

"அனுப்பினா, அங்க இருக்கிறவனுக சும்மாவா இருப்பானுக? மகன் பேரை அப்பன்கிட்டயே சொல்லிச் சிரிப்பானுக. அதுக்கப்புறம் செவந்தி அந்த வீட்டுல எப்படி இருப்பா? கைப்பிள்ளைக்காரி. அதான் நானே பிடிச்சாந்துட்டேன். கொண்டுபோய் அவுக கொல்லையில கட்டிட்டு, தானா வந்து நின்னுச்சுன்னு சொல்லிக்கலாம்னு பார்த்தேன். மாப்பிள்ளையைத் தனியாக் கூப்பிட்டு அப்புறம் கண்டிச்சுக்கலாம்னு இருந்தேன்." அவர் மடியில் இருந்த வேட்டியின் மடிப்பை நீவிவிட்டார். "ரோட்டுல போலீஸ் நிக்கும்னு நினைக்கலேப்பா. நம்ம பக்கம்தான் யாரும் போலீசுக்குப் போகமாட்டாகளே."

இதற்கு அவர் அவனை இரண்டு அறை அறைந்திருக்கலாம். அவனும் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பான். குற்றம் ஏன் நடக்கிறது என்பதற்கு ஆறு காரணங்கள் அவனுக்கு மனப்பாடம். ஆயில் எஞ்சின் அவற்றில் இல்லை. அப்பா ஏன் கயிற்றைத் தொட்டார் என்பதும் இல்லை.

"அப்பா, நான் வந்து..."

"விடு. நீ நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சே."

அது உண்மையில்லை என்று ஆத்மநாதனுக்குத் தெரியும். ஹாஸ்டலில் 'துப்பு' என்கிற பெயர் போக வேண்டும் என்று செய்தான். திரும்பிப் போய், 'எங்க ஊர்ல இப்ப யாரும் துப்புக்கூலி குடுக்கறதில்லே, நான் நிறுத்திட்டேன்' என்று சொல்ல வேண்டும் என்று செய்தான்.

சப் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். "என்ன தம்பி, பேர் கிடைச்சுதா?"

மறுபடியும் ஒரு கேள்வி. இந்தத் தடவையும் ஆத்மநாதனுக்கு விடை தெரியும். நாக்கு நுனியில் நிற்கிறது. வாசலில், கூப்பிடு தூரத்தில், விடை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

"சொல்லமாட்டேங்கறார், சார்" என்றான்.

ஆவுடையப்பன் கண்ணை மூடித் திறந்தார்.

"அப்ப வேற வழியில்லை. நாளைக்கு அறந்தாங்கிக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். தம்பி, நீங்களும் வரணும். புகார் குடுக்கக் கூட இருந்தவர் நீங்க. துப்புக்கூலி வழக்கம் பத்தி அன்னைக்கு என்கிட்ட எவ்வளவு தெளிவாச் சொன்னீங்க. அதே மாதிரி மாஜிஸ்திரேட் முன்னாடியும் சொல்லிடுங்க."

செவந்தி வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. இடுப்பில் பிள்ளை, கையில் தூக்குவாளி, கக்கத்தில் வாழை இலைக் கட்டு. மாமனார் ஊரிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்திருந்தன. வாசலில் நின்ற மாமனாரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அவரைத் தாண்டி வந்தாள். தகப்பன் மேல் விழுந்த திருட்டுப் பழிக்குத் தானும் பங்காளி மாதிரி அவள் அந்த நாலு எட்டும் நடந்தாள்.

சப் இன்ஸ்பெக்டர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட அனுமதித்தார். ஆவுடையப்பன் வெளுத்த வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். செவந்தி அவருக்கு இலை போட்டாள்.

"தம்பிக்கும் போடு. காலையிலேருந்து வெறும் வயிறா இருப்பான்" என்றார் ஆவுடையப்பன். பிறகு கொஞ்சம் யோசித்து, "மாப்பிள்ளையையும் கூப்பிடு" என்றார்.

"எனக்கு வேணாம் மாமா" என்றான் நாகராசு மரத்தடியிலிருந்தே.

"வாங்க மாப்பிள்ளை. வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்திருக்கீங்க. ஒரு வாய் சாப்பிடுங்க."

நாகராசு வந்து உட்கார்ந்தான். மூன்று பேருக்கும் வரிசையாக இலை. பிள்ளையைத் தாத்தாவின் மடியில் விட்டுவிட்டுச் செவந்தி சோறு போட்டாள்.

"நீங்க அந்தப் பேரைச் சொல்ல மாட்டேங்கறீகளாமே அப்பா. எதுக்கு? எவனோ ஒரு களவாணிப் பயலுக்காக நீங்க ஏன் ஜெயிலுக்குப் போகணும்? எங்க வீட்டுல என்னைப் பார்த்து ஆளுக்கொண்ணு பேசுறாக. மாமா நான் வச்ச தண்ணியைக் குடிக்கலே. அந்தத் திருடன் யாருன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சா, நானே இந்தா இங்கன வந்து கையைக் காட்டிருவேன்."

பேசிக்கொண்டே புருஷன் இலையில் இன்னும் ஒரு அகப்பை சோறு வைத்தாள். நாகராசு கையை இலையில் வைத்தபடி அசையாமல் இருந்தான்.

"கொழம்பு ஊத்தும்மா," என்றார் ஆவுடையப்பன். "மாப்பிள்ளை இலை காஞ்சு கிடக்கு பாரு."

நாகராசு நிமிர்ந்து மாமனார் முகத்தைப் பார்த்தான். அவர் மடியில் இருந்த பேரனுக்குச் சோற்றை நசுக்கி ஊட்டிக்கொண்டிருந்தார். மாமாவுக்குத் தெரியும் என்பது அந்த நிமிஷத்தில்தான் நாகராசுக்குப் புரிந்தது. அவன் பார்வை ஆத்மநாதன் பக்கம் திரும்பியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டார்கள். அந்தத் தாழ்வாரத்தில் தலை நிமிர்ந்து சோறு தின்றது, போலீஸ் பிடித்துவைத்திருந்த ஒருவர்தான்.

செவந்தி தம்பியின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "தம்பி, நாளைக்குக் கோர்ட்டுல நீதான் பேசப்போறேன்னு அந்த ஐயா சொன்னாரு. எனக்கு அது ஒண்ணுதான் தைரியம். நம்ம வீட்டுல படிச்சது நீ ஒருத்தன். ஒனக்குத் தெரிஞ்சதை எதையும் மறைக்காமச் சொல்லிரு. யாருக்கும் பயப்படாதே. இந்தா, எம் பிள்ளையைத் தொட்டுச் சத்தியம் பண்ணு."

பிள்ளையின் கையைப் பிடித்து அவன் பக்கம் நீட்டினாள். சோறு அப்பிய சின்னக் கை. ஆத்மநாதன் அப்பாவைப் பார்த்தான். அப்பா பேரனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாகராசு மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது.

"தொடுடா," என்றாள் அக்கா.

ஆத்மநாதன் சோற்றுக் கையை இலையிலேயே வைத்துவிட்டு, சத்தியத்துக்கு ஆகாத இடது கையால் அந்தக் கையைத் தொட்டான்.

"சொல்றேன்க்கா" என்றான்.